பழைய ஸ்விஃப்ட் 1.3 பெட்ரோல் வச்சிருக்கீங்களா? வீட்டு பார்க்கிங்லயே எப்படி பாத்துக்கறதுன்னு சொல்றேன்

2005 மே மாசம் மாருதி ஸ்விஃப்ட் வந்துச்சு. முதல் மாடல்ல இருந்தது 1298 சி.சி, 16 வால்வு பெட்ரோல் இன்ஜின், 87 பி.எச்.பி, வண்டி எடை ஒரு டன்னு சொச்சம் தான். அதனால செகண்ட் கியர்ல 4000 ஆர்.பி.எம் தாண்டினதும் வண்டி ஒரு இழு இழுக்கும் பாருங்க, அதை ஒரு தடவை அனுபவிச்சவன் அந்த வண்டியை லேசுல விக்க மாட்டான். 2010ல பி.எஸ் 4ங்கற புகை விதி வந்தப்ப இந்த இன்ஜினை எடுத்துட்டு 1.2 கே சீரிஸ் போட்டுட்டாங்க. ஆக நம்ம ஊர்ல 1.3 பெட்ரோல் ஸ்விஃப்ட் கிடைச்சதே அஞ்சு வருஷம் தான்.

என்கிட்ட இருக்கிறது 2008 வி.எக்ஸ்.ஐ, அதாவது எல்.எக்ஸ்.ஐக்கும் இசட்.எக்ஸ்.ஐக்கும் நடுவுல இருக்கற மாடல். 2017ல 86,000 கிலோமீட்டர்ல வாங்கினேன், இப்ப 1,61,000 ஓடியிருக்கு. நான் மெக்கானிக் கிடையாது, ஆபீஸ் வேலை, குரோம்பேட்டைல அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல ஞாயித்துக்கிழமை காலைல தான் வண்டி வேலை. இந்த வருஷங்கள்ல நான் கத்துக்கிட்டது ஒரே விஷயம். பழைய ஸ்விஃப்ட்டை வேகமாக்கறதுக்கு எதுவும் புதுசா மாட்ட வேண்டியதில்ல, தேஞ்சு போனதை திருப்பி சரி பண்ணாலே போதும், கம்பெனில இருந்து வந்தப்ப எப்படி ஓடுச்சோ அப்படி ஓடும், அது எப்படி ஓடும்னு இப்ப ஓட்டறவங்கள்ல பாதி பேருக்குத் தெரியவே தெரியாது, ஏன்னா அவங்க கைக்கு வர்றப்பவே சஸ்பென்ஷன்ல இருக்கற ரப்பர் புஷ் எல்லாம் போய், டயர் கல்லு மாதிரி ஆகி, பிரேக் ஆயில் கருத்துப் போயிருக்கும்.

அதனால வரிசை முக்கியம். முதல்ல வண்டி நிக்கணும், அப்புறம் நேரா போகணும், திரும்பணும், கடைசியா தான் இன்ஜின். நிறைய பேர் தலைகீழா பண்றாங்க, வாங்கின மறுநாளே கூம்பு மாதிரி திறந்தபடி இருக்கற கோன் ஏர் ஃபில்டரும் சத்தம் போடற சைலன்சரும் மாட்டறாங்க. கோன் ஃபில்டர் பானெட்டுக்குள்ள இருக்கற சூடான காத்தை தான் இழுக்கும், கம்பெனி பாக்ஸ் வெளிக்காத்தை இழுக்கற மாதிரி யோசிச்சு வச்சிருக்காங்க. அதை கழட்டாதீங்க, உள்ள புது பேப்பர் ஃபில்டர் போடுங்க, முடிஞ்சுது.

இனிமேதான் வாங்கப் போறீங்கன்னா

சென்னை வண்டின்னா முதல் கேள்வி தண்ணி. 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்லயும் மூழ்கின வண்டிங்க எத்தனையோ, கழுவி பாலிஷ் போட்டு கை மாறிடும். சீட் பெல்ட்டை கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, மூழ்கின வண்டில பெல்ட்டோட அடிப்பக்கம் சேத்துக் கறை ஒரு கோடு மாதிரி தெரியும். சீட்டுக்கு அடியில இருக்கற ரெயில்ல துரு, கார்ப்பெட்டை தூக்கினா காஞ்ச வண்டல், மூடின காருக்குள்ள ஈர வாடை, இதுல ரெண்டு இருந்தா விலை எவ்வளவு கம்மின்னாலும் திரும்பி வந்துடுங்க. இந்த வண்டில ஸ்டியரிங்கும் எலெக்ட்ரிக் தான், ஒயரிங்குக்குள்ள ஒரு தடவை தண்ணி போயிட்டா அந்த வண்டி உங்களை நிம்மதியா விடாது.

அடுத்தது துரு. கதவோட கீழ் விளிம்பு, டிக்கி கதவு விளிம்பு, கதவுக்குக் கீழ நீளமா ஓடற ரன்னிங் போர்டு, பின் சக்கரத்துக்கு மேல இருக்கற வளைவு. விரல் நகத்தால தட்டினா சத்தம் ஒரே மாதிரி வரணும், நடுவுல ஒரு எடத்துல மட்டும் மொத்தையா கேட்டா அங்க பட்டி போட்டிருக்காங்க. இன்ஜினை மாத்திடலாம், கியர்பாக்ஸை மாத்திடலாம், ரன்னிங் போர்டு உள்ளுக்குள்ள அரிச்ச வண்டியை காப்பாத்தறது ரொம்ப செலவு, கடலோரத்து வண்டின்னா இன்னும் மோசம்.

பார்ட்ஸ் கிடைக்குமான்னு பயப்படாதீங்க. இந்த ஜி13பிபி இன்ஜின் ஸ்விஃப்ட்டுக்கு மட்டும் வந்ததில்ல, எஸ்டீம், வெர்சா, ஜிப்ஸி கிங்னு இதே குடும்பம் தான், ஜிப்ஸி 2019 வரைக்கும் வித்துச்சு. இன்ஜின் சாமான் இன்னும் கிடைக்கறதுக்கு அது ஒரு பெரிய காரணம். ஆனா குடும்பம் ஒண்ணுன்னு கண்ணை மூடிட்டு வாங்காதீங்க, பார்ட் நம்பர் ஒத்துப் பாருங்க. புது சாமானுக்கு ஜி.பி ரோடு, பழைய சாமானுக்கு புதுப்பேட்டை. கதவு கைப்பிடி, கண்ணாடி, சீட், உள் பிளாஸ்டிக், இதெல்லாம் புதுப்பேட்டைல வாங்கலாம். பிரேக், ஸ்டியரிங்கை சக்கரத்தோட இணைக்கற டை ராடு எண்டு, சக்கரத்தை கீழ இருந்து பிடிக்கற லோயர் ஆர்ம், பெல்ட், ஓஸ், இந்த அஞ்சும் பழசு வாங்கவே கூடாது, எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் சரி.

கைல என்ன இருக்கணும்

10, 12, 14, 17, 19 சைஸ்ல ரிங் ஸ்பானரும் சாக்கெட்டும் இருந்தா இந்த வண்டில முக்கால்வாசி வேலை முடிஞ்சிடும். அது கூட ஒரு டார்க் ரெஞ்ச், அதாவது எவ்வளவு இறுக்கறோம்னு அளந்து காட்டற ஸ்பானர், இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. வீல் நட்டு 85 நியூட்டன் மீட்டர், ஆயில் டிரெயின் போல்ட் 35, ஸ்பார்க் பிளக் 25 கிட்ட. மூணு நம்பரையும் பார்க்கிங் சுவத்துல எழுதி ஒட்டி வச்சிருக்கேன். இந்த இன்ஜின் பிளாக், ஹெட் ரெண்டுமே அலுமினியம், கை பலத்தைக் காட்டினா மரை போயிடும். முதல் வருஷம் எனக்கு ஆயில் மாத்திக் குடுத்த ஒரு கடைல டிரெயின் போல்டை அப்படி இறுக்கி மரையை பாதி தின்னுட்டாங்க, அது தெரியாம அடுத்த தடவை நான் கழட்டினப்ப மரை சுருள் சுருளா போல்ட்டோட வந்துச்சு, லேத்துல குடுத்து மரை போட்டுத் தான் சரி பண்ணினேன். டார்க் ரெஞ்ச் வாங்கினது அந்த வாரம் தான்.

ஜாக்கி ஸ்டாண்டு ரெண்டு. இது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். வண்டியோட வந்த ஜாக்கி டயர் மாத்தறதுக்கு மட்டும், அதை நம்பி கையையோ தலையையோ வண்டிக்கு அடியில விடக் கூடாது, ஹைட்ராலிக் ஜாக்கியா இருந்தாலும் சரி, சீல் போனா ஒரு நொடில எறங்கிடும். தரை சமமா இருக்கணும், தூக்காத பக்கம் டயருக்கு முன்னயும் பின்னயும் கல் வைக்கணும், ரன்னிங் போர்டுக்கு கீழ மடிப்புல ஜாக்கி வைக்கற எடத்தை வெட்டி காட்டியிருப்பாங்க, தூக்கறது, தாங்கறது எல்லாமே அந்த இடத்துல தான். ஸ்டாண்டு மேல உக்கார வச்சதும் வண்டியை பக்கவாட்டுல நல்லா ஒரு தடவை அசைச்சுப் பாத்துட்டு தான் நான் குனியறதே. கழட்டின டயரையும் ரன்னிங் போர்டுக்கு அடியில தள்ளி வச்சுடுவேன்.

அப்புறம் ஒரு பழைய இட்லி தட்டு. கழட்டற போல்டை கழட்டின வரிசைல குழிக்கு குழி போட்டுட்டு வந்தா மாட்டறப்ப தலைகீழ் வரிசைல எடுத்துக்கலாம். எதைக் கழட்டறதுக்கு முன்னாடியும் போன்ல ரெண்டு போட்டோ.

முதல் வாரம்: நியூஸ்பேப்பர்

எதையும் கழட்டாதீங்க. ராத்திரி வண்டியை நிறுத்தினதும் இன்ஜினுக்கு கீழயும், நாலு சக்கரத்துக்கு உள்பக்கமும் பேப்பரை விரிச்சு ஒரு கல்லை வச்சுடுங்க. காலைல கறை எந்த எடத்துல இருக்கு, என்ன கலர்னு பாருங்க. நிறமே இல்லாத தண்ணின்னா அது ஏ.சி தண்ணி, விடுங்க. பச்சையோ சிவப்போ இருந்து தொட்டா வழுவழுன்னு இருந்தா கூலன்ட். கருப்பு, பிரவுன்னா இன்ஜின் ஆயில், பெரும்பாலும் இன்ஜின் உச்சில இருக்கற டேப்பெட் கவருக்கு அடியில வர்ற ரப்பர் கேஸ்கெட்ல ஆரம்பிச்சு வழிஞ்சு கீழ வந்திருக்கும், அதனால கீழ ஈரமா இருக்கற எடத்தை பாத்து முடிவு பண்ணாதீங்க, ஈரத்தோட மேல் எல்லை எங்கன்னு டார்ச் அடிச்சு தேடுங்க. சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரம்னா அது பிரேக் ஆயிலா இருக்க வாய்ப்பிருக்கு, அன்னைக்கு வண்டியை எடுக்காதீங்க.

பிரேக்

பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை குடிச்சுக்கிட்டே இருக்கும். ஈரம் சேர சேர அதோட கொதிநிலை இறங்கும், ஏலகிரில 14 கொண்டை ஊசி வளைவும் இறங்கறப்ப தொடர்ந்து பிரேக் அடிச்சா ஆயில் கொதிச்சு ஆவியாகி பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். எவ்வளவு புது பேட் போட்டாலும் அப்ப பிரயோஜனம் இல்ல. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க, சீல் உடைக்காத டாட் 4 டப்பா, பாதி மீந்ததை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைக்காதீங்க.

ரெண்டு பேர் வேணும், என் வீட்டுல என் தங்கச்சி தான் பெடல். அவ மெதுவா மூணு தடவை மிதிச்சு அழுத்திப் பிடிச்சதும் "பிடிச்சிருக்கேன்"னு சொல்லணும், நான் சக்கரத்து பிரேக்குல ஆயிலை வெளிய விடற சின்ன நிப்பிளை கால் சுத்து திறப்பேன், பழைய ஆயில் டியூப் வழியா பாட்டிலுக்கு வரும், பெடல் அடி தொடும், நான் மூடிட்டு "விடு"ன்னு சொன்னப்புறம் தான் அவ காலை எடுக்கணும். நான் மூடறதுக்கு முன்னாடி காலை எடுத்தா காத்து உள்ள போயிடும். டியூபோட நுனி பாட்டில்ல இருக்கற ஆயிலுக்குள்ள முங்கியே இருக்கணும். நிப்பிள்ல துரு இருந்தா முந்தின நாளே துரு எடுக்கற ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க, ரிங் ஸ்பானர் மட்டும் போடுங்க, ஓபன் ஸ்பானர் போட்டா முனை மழுங்கிடும்.

எந்த சக்கரம் முதல்ல? இந்த வண்டில பிரேக் லைன் குறுக்கா பிரிஞ்சிருக்கு, ஒரு பின் சக்கரமும் எதிர்ப் பக்க முன் சக்கரமும் ஒரே லைன். மாஸ்டர் சிலிண்டர் வலது பக்கம், அதுல இருந்து ரொம்ப தூரம் பின் இடது, அதை முதல்ல பண்ணிட்டு அதே லைன்ல இருக்கற முன் வலது, அப்புறம் பின் வலது, கடைசியா முன் இடது. ஒவ்வொரு சக்கரத்துக்கு நடுவுலயும் பானெட்டுக்குள்ள இருக்கற பிரேக் ஆயில் டப்பாவை அடிக்கடி எட்டிப் பாத்து ஊத்திக்கிட்டே இருங்க, காலியாயிடுச்சுன்னா மொத்த வேலையும் மறுபடி, ஏ.பி.எஸ் இருக்கற வண்டின்னா உள்ள மாட்டின காத்தை எடுக்க கம்ப்யூட்டர் இருக்கற ஒர்க்‌ஷாப்புக்கே போக வேண்டி வந்துடும். பெயிண்ட் மேல சிந்தினா உடனே தண்ணி ஊத்துங்க, பெயிண்டை தின்னுடும்.

முன் சக்கரத்துல பேடை அழுத்தற காலிப்பர் நகர்ற ஸ்லைடு பின் (ஊசி) ரெண்டும் கையால தள்ளினா வழுக்கிட்டு போகணும். காஞ்சு பிடிச்சிருந்தா ஒரு பேட் மட்டும் தேயும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கழட்டி துடைச்சு பிரேக்குக்குன்னு விக்கிற சிலிக்கான் கிரீஸ் போடுங்க, சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வச்சிடும். பின் டிரம்முக்குள்ள இருக்கற தூசியை வாயால ஊதாதீங்க, காத்து அடிக்காதீங்க, ஈரத்துணி போதும், அந்த தூசி நுரையீரலுக்கு நல்லதில்ல.

டக் டக் சத்தம்

இது தான் பழைய ஸ்விஃப்ட்டோட பெரிய தலைவலி, கடைக்காரங்க காசு பாக்கறதும் இங்க தான். என் வண்டில முன்னாடி டக் டக்னு சத்தம் வந்தப்ப ஒரு இடத்துல காட்டினேன், ஓட்டிக் கூட பாக்கல, நாலு ஷாக் அப்சார்பரும் மாத்தணும்னு சொல்லிட்டாங்க. வீட்டுக்கு வந்து படுத்துப் பாத்தா, வளைவுல வண்டி சாயாம பிடிக்கற ஸ்டெபிலைசர் பாரோட நுனில இருக்கற லிங்க் ராடு தான் லூஸ். ஒரு ஜோடி ஆயிரத்து சொச்சத்துல முடிஞ்சுது. அதனால சத்தத்தை கேக்க கத்துக்கோங்க.

சின்னச் சின்ன பள்ளத்துல ஒரு பக்க டயர் மட்டும் இறங்கறப்ப டக் டக்னு வேகமா அடிச்சா அது பெரும்பாலும் லிங்க் ராடு. வண்டி நிக்கறப்ப ஸ்டியரிங்கை முழுசா திருப்பினா டங்குனு ஸ்பிரிங் துள்ளற மாதிரி கேட்டா மேல ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டை பாடியோட பிடிக்கறது), ஒரு ஆளை திருப்பச் சொல்லிட்டு பானெட்டை திறந்து மவுண்ட் மேல கை வச்சா அதிர்ச்சி தெரியும். பிரேக் அடிக்கறப்பவும் விடறப்பவும் ஒரே ஒரு தடவை தட்டுனா லோயர் ஆர்ம் புஷ். ஸ்டியரிங்கை ஒடிச்சு கிளம்பறப்ப கடகடன்னு வந்தா வெளிப்பக்க ஆக்ஸில் ஜாயின்ட், அதை மூடியிருக்கற ரப்பர் உறை (பூட்) கிழிஞ்சிருக்கான்னு பாருங்க, உறை கிழிஞ்ச அன்னைக்கே மாத்தினா ஜாயின்ட் பொழைக்கும், மண்ணு உள்ள போய் ரெண்டு மாசம் ஓடினா பொழைக்காது. வேகத்தோட கூடவே ஏர்ற ஹூம்னு ஒரு இரைச்சல், லேசா இடது வலது வளைச்சா கூடிக் குறைஞ்சா வீல் பேரிங்.

உறுதி பண்றதுக்கு சக்கரத்தை தூக்கி ஸ்டாண்டுல வச்சுட்டு டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க, ஆட்டம் இருந்தா பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ தான். இடதும் வலதும் பிடிச்சு ஆட்டினா மட்டும் ஆட்டம்னா டை ராடு எண்டு, இல்ல ஸ்டியரிங் ராக். லிங்க் ராடை மட்டும் ரெண்டு சக்கரமும் தரைல இருக்கறப்ப கையால பிடிச்சு உலுக்கிப் பாருங்க, ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கினா பார் முறுக்கிட்டு ராடு விறைப்பா நிக்கும், லூஸ் தெரியாது.

லிங்க் ராடு மாத்தறப்ப நட்டைத் திருப்பினா உள்ள இருக்கற முளையும் சேர்ந்து சுத்தும், நிறைய பேர் இங்க தான் விட்டுடுவாங்க. முளையோட நுனில ஆலன் கீ போடற குழி இருக்கும், அதுல கீ போட்டு பிடிச்சுக்கிட்டு ரிங் ஸ்பானரால நட்டைத் திருப்புங்க. முந்தின நாள் ஸ்ப்ரே அடிச்சு வச்சா பாதி வேலை மிச்சம்.

லோயர் ஆர்ம் மாத்தினா ஒரு விஷயம், இதை ஒழுங்கா பண்ற கடை ரொம்ப கம்மி. சக்கரம் தொங்கிக்கிட்டு இருக்கறப்ப புஷ் போல்டை முழுசா இறுக்கிட்டா, வண்டி தரைக்கு வந்ததும் ரப்பர் முறுக்கின நிலைமைலயே நிரந்தரமா நிக்கும், கொஞ்ச நாள்ல கிழிஞ்சிடும். கையளவுக்கு இறுக்கிட்டு, வண்டி எடை சக்கரத்து மேல வந்தப்புறம் தான் கடைசி இறுக்கு. புது ஆர்ம் போட்டு ஆறு மாசத்துல மறுபடி சத்தம் வந்துச்சுன்னு சொல்றவங்க கதை பெரும்பாலும் இதுதான்.

ஷாக் அப்சார்பர் போயிருந்தா ஜோடியா மாத்துங்க, ஆனா ஸ்பிரிங்கை அமுக்கி ஸ்ட்ரட்டை பிரிக்கற வேலையை வீட்டுல பண்ணாதீங்க, அமுக்கின ஸ்பிரிங் நழுவினா எலும்பு உடையும். ஸ்ட்ரட்டை முழுசா கழட்டி கடைக்கு எடுத்துட்டுப் போய் பிரிச்சு மாட்டி வாங்கிட்டு வந்துடலாம், நான் அப்படித்தான் பண்ணினேன். வண்டியை இறக்கற ஸ்பிரிங் போடாதீங்க, 170 எம்.எம் உயரம் இருக்கறப்பவே நம்ம தெரு ஸ்பீட் பிரேக்கர்ல பல்லைக் கடிச்சுக்கிட்டு தான் ஏத்தறோம்.

டயர்ல உங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கு. எல்.எக்ஸ்.ஐ, வி.எக்ஸ்.ஐ ரெண்டுக்கும் 165/80 ஆர்14, ஆனா இசட்.எக்ஸ்.ஐக்கு கம்பெனியே 185/70 ஆர்14 குடுத்துச்சு. மொத்த விட்டத்துல வித்தியாசம் அஞ்சு எம்.எம் தான், ஒரு சதவீதம் கூட இல்ல, அதனால ஸ்பீடோமீட்டர் ஏமாத்தாது, ரிம்மும் மாத்த வேண்டாம். இந்த ஒரு மாத்தம் வளைவுல குடுக்கற தைரியத்தை வேற எந்த செலவும் குடுக்கல எனக்கு. வாங்கறப்ப டயர் சுவத்துல இருக்கற நாலு நம்பர் பாருங்க, 2324னா 2024ல 23வது வாரம் செஞ்சது. டிரெட் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஆறு வருஷம் தாண்டின டயரை நான் வச்சுக்கறதில்ல, நம்ம வெயில்ல ரப்பர் விறைச்சு மழைல வழுக்கும்.

இன்ஜின்

பில்லு இல்லாத வண்டி வாங்கினீங்கன்னா முதல் மாசமே டைமிங் பெல்ட்டை மாத்துங்க, கிராங்கையும் வால்வைத் திறக்கற கேம்ஷாஃப்ட்டையும் சேர்த்து சுத்த வைக்கற ரப்பர் பெல்ட் அது. 1,00,000 கிலோமீட்டர் கணக்கு, ஆனா வருஷம் ஆக ஆக ரப்பர் தானாவே விரிசல் விடும், மாத்திட்டோம்னு வாய்ல சொல்றதை நம்பாதீங்க. பெல்ட் போனா இன்ஜின் அந்த எடத்துலயே நின்னுடும், ஜி.எஸ்.டி ரோட்டுல நடு லேன்ல நிக்கற நிலைமையை யோசிச்சுப் பாருங்க. இது முதல் தடவை வீட்டுல பண்ற வேலை இல்ல, அனுபவம் இருக்கற ஆள்கிட்ட குடுங்க, ஆனா கூடவே நில்லுங்க. அந்தப் பக்கம் பிரிக்கறப்பவே டென்ஷனர், வாட்டர் பம்ப், ஆயில் சீல் எல்லாம் சேர்த்து மாத்திடச் சொல்லுங்க, கூலி ஒண்ணு தான். மார்க் வச்சு மாட்டினப்புறம் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கையால ரெண்டு முழு சுத்து சுத்தி மார்க் மறுபடி ஒத்து வருதான்னு காட்டச் சொல்லுங்க. நல்ல மெக்கானிக் கோச்சுக்க மாட்டார்.

கூலன்ட்ல போர் தண்ணி, குழாய் தண்ணி ஊத்தவே கூடாது, நம்ம ஊர் போர் தண்ணில இருக்கற உப்பு அலுமினியத்தை அரிச்சு ரேடியேட்டரை அடைச்சிடும். ரெடிமேடா கலந்து வர்ற கூலன்ட் ஊத்துங்க, இல்லன்னா டிஸ்டில்டு வாட்டர்ல பாதிக்குப் பாதி. சூடா இருக்கறப்ப ரேடியேட்டர் மூடியைத் தொடாதீங்க. புதுசு ஊத்தினதும் ஹீட்டரை முழு சூட்டுல வச்சு ஐடில்ல ஓட விட்டா உள்ள இருக்கற காத்து குமிழ் குமிழா வெளிய வரும், லெவல் இறங்க இறங்க ஊத்துங்க. ஏ.சி போட்டதும் முன்னாடி ஃபேன் சுத்துதான்னு மாசம் ஒரு தடவை பாத்துடுங்க, ஒரே ஒரு தடவை நல்லா சூடேறினா அலுமினியம் ஹெட் வளைஞ்சிடும். பழைய கூலன்ட் இனிப்பா இருக்கும், நாய் நக்கினா செத்துடும், குழந்தைங்களுக்கும் விஷம், திறந்த பாத்திரத்துல வைக்காதீங்க.

ஆயில் மாத்தறது எல்லாருக்கும் தெரிஞ்சது, ஃபில்டரோட சேர்த்து மூணரை லிட்டர் கிட்ட பிடிக்கும், மூணு ஊத்திட்டு டிப்ஸ்டிக் பாத்து மிச்சம். ஃபில்டர் ரப்பர்ல கொஞ்சம் ஆயில் தடவி, ரப்பர் தொட்டதும் கையால முக்கால் சுத்து, ஸ்பானர் வேண்டாம். டிரெயின் போல்ட் வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு. பழைய ஆயிலை சாக்கடைல ஊத்தாதீங்க, கேன்ல பிடிச்சு ஒர்க்‌ஷாப்புல குடுத்தா அவங்க மொத்தமா விக்கறதோட சேர்த்துக்குவாங்க.

பிளக்கை இன்ஜின் ஆறினப்புறம் தான் கழட்டணும், மாட்டறப்ப முதல் நாலஞ்சு சுத்து விரலால மட்டும். இடைவெளி 1.0ல இருந்து 1.1 எம்.எம். லைட் பிரவுனா இருந்தா சந்தோஷம், கரி பிடிச்சிருந்தா பெட்ரோல் அதிகமா போகுது, பிளக் குழிக்குள்ள ஆயில் தேங்கியிருந்தா டேப்பெட் கவர் கேஸ்கெட்டோட பிளக் குழி சீலும் சேர்த்து மாத்துங்க, செட்டா கிடைக்கும். சிக்னல்ல ஆர்.பி.எம் ஏறி ஏறி இறங்குதுன்னா சென்சார் சென்சாரா வாங்கி மாத்தாதீங்க, முதல்ல இன்ஜினுக்குள்ள போற காத்தைக் கட்டுப்படுத்தற த்ராட்டில் பாடியை கழட்டி கிளீனர் ஸ்ப்ரேவும் துணியும் வச்சு கரியைத் துடைங்க, ஐடில் வால்வையும் சேர்த்து, பாதி வண்டிங்க அதுலயே சரியாகும். அப்புறமும் ஏ.சி போட்டா வண்டி உதறுதுன்னா இன்ஜின் மவுண்ட்.

இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். நம்ம வண்டி செஞ்ச காலத்துல அதை யோசிச்சு செய்யல. எத்தனால் பழைய ரப்பரை இளக வைக்கும், தண்ணியை இழுக்கும். அதனால பெட்ரோல் போற ரப்பர் ஓஸ் எல்லாத்தையும் ஒரு தடவை மொத்தமா எத்தனால் தாங்கற ஓஸ் போட்டு மாத்திட்டேன், கிளாம்ப்பும் புதுசு. மைலேஜ் கொஞ்சம் குறையறது நிஜம், ஒரு லிட்டர்ல இருக்கற சக்தியே கம்மி. வண்டியை வாரக்கணக்கா நிறுத்தி வைக்காதீங்க, டேங்க்கை கால்வாசில விட்டுட்டு ஊருக்குப் போகாதீங்க. பெட்ரோல் லைன்ல கை வைக்கறப்ப பேட்டரி நெகட்டிவை முதல்ல கழட்டுங்க, பக்கத்துல யாரும் பீடி சிகரெட் பிடிக்காம பாத்துக்கோங்க, பக்கெட் மணல் இல்லன்னா தீயணைப்பான் கிட்டயே இருக்கட்டும்.

ஏ.சி கேஸ், ஏர்பேக் இருக்கற வண்டின்னா ஸ்டியரிங் பக்கம், கிளட்ச், வீல் அலைன்மென்ட், இதெல்லாம் நான் தொடறதில்ல.

பேப்பர் வேலை

15 வருஷம் முடியறப்ப ஆர்.சி புதுப்பிக்கணும், ஃபாரம் 25, ஆர்.டி.ஓ ஆபீஸ்ல வண்டியைக் காட்டணும், பசுமை வரி கட்டணும், அப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. கார் கட்டணம் 2022 ஏப்ரல்ல இருந்து 5000 ரூபாய், 20 வருஷம் தாண்டினதுக்கு 2025 ஆகஸ்ட்ல 10,000 ஆக்கிட்டாங்க, 2005 மாடல்காரங்க கணக்குல வச்சுக்கோங்க. என் வண்டிக்கு 2023ல முடிச்சேன். லைட், ஹாரன், வைப்பர், டயர், புகை, நம்பர் பிளேட், எல்லாம் சரியா இருந்ததால ஒரே தடவைல முடிஞ்சுது, கம்பெனி சைலன்சர் இருந்தது ரொம்ப உதவியா இருந்துச்சு.

வேலை முடிச்ச அன்னைக்கு நான் நேரா ஹைவேக்கு போறதில்ல. முதல்ல பார்க்கிங்குக்குள்ளயே ரெண்டு தடவை பிரேக், அப்புறம் தெருவுக்குள்ள ஒரு சுத்து ஜன்னலை இறக்கிட்டு, ரேடியோ இல்லாம. மறுநாள் விடியக்காலைல ஈ.சி.ஆர்ல கோவளம் வரைக்கும், தேர்டு கியர்ல 4500 வரைக்கும் இழுத்து விட்டு, இந்த இன்ஜின் முழு டார்க் குடுக்கறது அங்க தான், வெப்ப முள்ளை ஒரு கண்ணால பாத்துக்கிட்டே. திரும்பி வந்து சூடு ஆறினதும் வீல் நட்டு பதினாறையும் மறுபடி 85ல ஒரு தடவை, ஆயில் லெவல், கூலன்ட் லெவல், நோட்டுல தேதியும் கிலோமீட்டரும், ராத்திரிக்கு மறுபடி கீழ நியூஸ்பேப்பர்.